நடு, பின், முன்

மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் வண்டியின் டேஷ்போர்டு நடுவில் மூன்று பொத்தான்கள் உண்டு. 1, 2, 3 என்று எண் போட்டவை. முதல் பொத்தான் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும். இரண்டாவது பின் அச்சில் இருப்பதை, மூன்றாவது முன் அச்சில் இருப்பதை. போடும்போது 1, 2, 3 என்ற வரிசை. எடுக்கும்போது 3, 2, 1. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1979 முதல் தயாராகி வரும் இந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் சதுரத் தோற்றத்தைப் பேசுவார்கள், விலையைப் பேசுவார்கள், யார் யாரிடம் இருக்கிறது என்று பேசுவார்கள். எனக்குப் பேச ஆசை அந்த மூன்று எண்களின் வரிசையைப் பற்றி. பனிக்கால மலைச்சாலையில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்னென்ன யோசிக்க வேண்டுமோ, அதெல்லாம் அந்த வரிசைக்குள் இருக்கிறது.

சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ள இன்றைய வண்டிகளில் ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும்; எஞ்சினைச் சற்று அடக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை சக்கரம் வழுக்கிய பிறகு விழித்துக்கொள்பவை. ஓட்டுகிறவர் தன் கையால் போடும் லாக்தான் வழுக்கும் இடம் வருவதற்கு முன்பே தயாராக இருக்கிறது. மணலிலும் சேற்றிலும் இந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பனிக்கட்டியில் முடியாது. ஒரு சக்கரம் பனிக்கட்டிமேல் இரண்டு சுற்று வீணாகச் சுழன்றாலே போதும், உராய்வுச் சூட்டில் மேற்பரப்பு இளகி மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிவிடும். அந்த இடம் முன்னைவிட வழவழப்பாகிவிடும். முதல் தடவை கிடைத்திருக்கக்கூடிய பிடி இரண்டாம் தடவை கிடைக்காது. பனிக்காலத்தில் கைப்பூட்டை நான் இவ்வளவு கொண்டாடுவதற்கு இதுதான் காரணம்.

பூட்டைப் பாராட்டுவதற்கு முன்னால் அது எதைப் பூட்டுகிறதோ அதைப் பாராட்டியாக வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். கல்யாண மண்டப வாசலில் அடித்த சின்ன வட்டமானாலும் சரி, ஓர் ஏரியையே சுற்றிவந்த பெரிய வட்டமானாலும் சரி, வித்தியாசம் அதே 9.4 மீட்டர்தான். இந்த ரக வண்டியின் டயர் ஒரு சுற்றில் சுமார் 2.4 மீட்டர் போகும். ஆகவே வெளிச்சக்கரம் கிட்டத்தட்ட நான்கு சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால், அந்த நான்கு சுற்றுக் கணக்கை டயர்கள் சாலையில் தேய்த்துத்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

இதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கூர். கடிகார வேலை தெரிந்தவர். நீராவி வண்டிக்காக 1820களின் பிற்பகுதியில் டிஃபரன்ஷியல் என்ற இந்தப் பற்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நம் வண்டிகளின் அடியில் இருப்பதும் அதே யோசனைதான். கிரவுன் வீலோடு சேர்ந்து சுற்றும் ஒரு கூடு. கூட்டுக்குள் சிறிய ஸ்டார் பினியன்கள். அவற்றுக்கு இருபுறமும், சக்கரங்களுக்குப் போகும் ஆக்ஸில் ஷாஃப்டுகளின் முனையில், பக்கத்துக்கு ஒரு பற்சக்கரம். நேரே போகும்போது ஸ்டார் பினியன்கள் தம்மைத் தாமே சுற்றிக்கொள்வதில்லை. கூட்டோடு சும்மா போய்வருகின்றன. வளைவு வந்ததும் மெல்லப் புரள ஆரம்பித்து, ஒரு பக்கம் குறைந்த சுற்றை மறுபக்கம் கூட்டிக் கொடுக்கின்றன. எந்த வளைவில் எவ்வளவு என்று யாரும் அவற்றுக்குச் சொல்வதில்லை. சாலையின் வளைவே சொல்லிவிடுகிறது.

வேகத்தை இப்படித் தாராளமாகப் பிரித்துக் கொடுக்கும் இந்த அமைப்பு, விசையை மட்டும் எப்போதும் சரிபாதியாகத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பனிக்கட்டிமேல் நிற்கிறது, 50 கிலோவுக்குமேல் தள்ள அதனால் ஆகாது என்றால், காய்ந்த தார்ச்சாலையில் உறுதியாக நிற்கும் மறு சக்கரத்துக்கும் 50 கிலோதான் கிடைக்கும். ஏலாத சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஏலும் சக்கரம் அசையாமல் நிற்கும். வளைவில் அவ்வளவு நியாயமாக நடந்துகொண்ட பொருள் பனியில் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிடும்.

அப்போதுதான் பூட்டு. அதில் உள்ள சிக்கனம் எனக்கு அலுக்கவே இல்லை. இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகக் கட்ட இரண்டு பக்கமும் ஏதாவது செய்தாக வேண்டும் என்றுதான் தோன்றும். வேண்டியதில்லை. ஒரு பக்கத்துப் பற்சக்கரத்தைக் கூட்டோடு கோத்துவிட்டால் போதும். கூட்டைவிட்டு அந்தப் பக்கம் நகர முடியாது. அது நகராததால் ஸ்டார் பினியன்கள் புரள முடியாது. அவை புரளாததால் மறுபக்கமும் நகர முடியாது. கோக்கும் வேலையைச் செய்வது பல் வைத்த ஒரு சிறு வளையம். தண்டின்மேல் கொஞ்சமே கொஞ்சம் நகர்ந்து எதிரே உள்ள பற்களின் இடைவெளிகளுக்குள் இறங்கும். இரண்டரை டன் வண்டி சரிவில் ஏறுமா ஏறாதா என்பது அந்தச் சின்ன நகர்வில் முடிவாகிறது.

ஆனால் பல் இறங்க வேண்டுமென்றால் எதிரே இடைவெளி இருக்க வேண்டும். பல்லுக்கு நேரே பல் வந்து நின்றால் வளையம் காத்திருக்கத்தான் வேண்டும். ஜி-கிளாஸின் பொத்தானில் இரண்டு நிற விளக்கு வைத்திருப்பது இதற்காகவே. அழுத்தியதும் முதலில் மஞ்சள் எரியும்: சொன்னது காதில் விழுந்தது, இன்னும் பூட்டவில்லை. வண்டி ஓரிரண்டு அடி ஊர்ந்து, ஸ்டியரிங் இப்படியும் அப்படியும் லேசாக அசைந்து, இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரு நூலளவு வேறுபட்டுச் சுற்றினால் பல் தன் இடத்தைக் கண்டுகொள்ளும். அப்போது சிவப்பு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே வருவது பொறுமை வேண்டிய நேரம். ஒரு சக்கரம் வெறியோடு சுழன்றுகொண்டிருக்கும்போது பூட்டைப் போட்டால், வேகமாகச் சுற்றும் பல் மெதுவாகச் சுற்றும் பல்லின்மேல் மோதும். உடைந்தால் அச்சைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். மாட்டிக்கொண்ட பிறகு பூட்டுவது என்றால், முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, சக்கரம் நின்ற பின் பூட்டி, விளக்கு சிவப்பாவதைப் பார்த்து, அதன் பிறகே மிதிக்க வேண்டும்.

நம் ஊர்ச் சேற்று வயலில் டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஒரு பின்சக்கரம் புதைந்து வெறுமனே சுழல ஆரம்பித்தால் வேகத்தைக் குறைத்து, குதிகாலால் டிஃப் லாக் பெடலை மிதிப்பார்கள். வெளியே வந்ததும் காலை எடுத்தால் பெடல் மேலே வந்துவிடும். வரப்போரம் திரும்பும்போது அதை மிதிக்கக் கூடாது என்பதும் அவர்களுக்குப் பாடம். டிராக்டரில் தள்ளுவது பெரும்பாலும் பின்சக்கரம் இரண்டும்தான், பூட்டும் ஒன்றுதான். எப்போதும் நான்கு சக்கரமும் தள்ளும் ஜீப்பில் டிஃபரன்ஷியல் மூன்று: முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் ஒன்று, முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிக்க நடுவில் ஒன்று. பூட்டு மூன்றாகும்போது எதை முதலில் என்ற கேள்வி வருகிறது. அந்த வரிசையின் அழகு கணக்குப் போட்டால்தான் தெரியும்.

2,000 கிலோ எடையுள்ள வண்டி. சக்கரத்துக்கு 500 கிலோ. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் பனிக்கட்டியில். வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் காய்ந்த தாரில். பனிக்கட்டியில் டயருக்குக் கிடைக்கும் பிடி அதன்மேல் உள்ள எடையில் பத்தில் ஒரு பங்கு என்றும், தாரில் பத்தில் ஏழு பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். இடது சக்கரம் 50 கிலோ தள்ளும், வலது 350 கிலோ தள்ளக்கூடும். மூன்று டிஃபரன்ஷியலும் திறந்திருந்தால், ஏலாத சக்கரத்தின் 50 கிலோவே நான்குக்கும் அளவு. மொத்தம் 200 கிலோ. பத்துக்கு ஒன்று என்ற சரிவோடு வண்டி நின்றுவிடும். ஃபோர் வீல் டிரைவ் என்று பின்னால் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது அங்கே உதவாது.

சரி, நடுவைப் பூட்டுவோம். இப்போதும் 200தான். இரண்டு அச்சிலும் ஒரு சக்கரம் பனிக்கட்டியில் இருக்கிறதே. முன்னும் பின்னும் சேர்ந்து சுற்றுவதால் இந்த இடத்தில் ஆதாயம் இல்லை. நடுவை விட்டுவிட்டு, பின் அச்சை மட்டும் பூட்டினால்? பின் அச்சால் இப்போது 50-ம் 350-ம் சேர்த்து 400 கிலோ தள்ள முடியும். முடியும், ஆனால் தள்ளாது. ஏனென்றால் நடு டிஃபரன்ஷியல் திறந்திருக்கிறது. அது முன்னுக்கும் பின்னுக்கும் சரிபாதி கொடுப்பது. முன் அச்சு 100-க்குமேல் வாங்காது. ஆகவே பின் அச்சுக்கும் 100தான். மறுபடியும் 200. இரண்டாம் பொத்தானுக்கு முன் முதல் பொத்தான் ஏன் என்பது இங்கே தெரிகிறது. நடுவைப் பூட்டாதவரை பின் பூட்டுக்கு வேலையே இல்லை.

நடுவையும் பின்னையும் சேர்த்துப் பூட்டினால் முன் அச்சு 100, பின் அச்சு 400, மொத்தம் 500 கிலோ. நான்குக்கு ஒன்று என்ற செங்குத்தான சரிவில் ஏறலாம். மூன்றையும் பூட்டினால் 800. எடை பின்னால் சாய்வதையும் டயர் உருள்வதில் வீணாவதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. என்றாலும் 200, 200, 500, 800 என்ற இந்தப் படிகளைப் பார்த்தால், முதல் படியில் எதுவும் கூடாமல் இரண்டாம் படியில் பாய்வது தெரியும். நடுப்பூட்டு தனியே எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒரு சக்கரம் மட்டும் பனிக்கட்டியில் அல்லது அந்தரத்தில் இருக்கும்போது அது ஒன்றே போதும். மற்ற அச்சு வண்டியை எடுத்துச் சென்றுவிடும். பனி இறுகிப் படிந்த சாலையில் இறங்கும்போது எஞ்சின் பிரேக்கை நான்கு சக்கரத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பதும் அதுதான்.

பெறுவதைப் பார்த்தோம். ஒவ்வொரு பொத்தானும் கேட்கும் விலையும் அதே வரிசையில்தான் ஏறுகிறது. நடுப்பூட்டு கேட்பது குறைவு. ஒவ்வொரு அச்சுக்கும் சொந்த டிஃபரன்ஷியல் திறந்தே இருப்பதால் பனிச்சாலையில் வண்டி ஏறக்குறைய வழக்கம்போலத் திரும்பும். பின் பூட்டு கேட்பது அதிகம். நேரே தள்ளப் பார்க்கும். ஆனாலும் முன்சக்கரங்கள் இன்னும் சொன்னபடி கேட்கும். முன் பூட்டு ஸ்டியரிங்கையே கேட்கும். இரண்டு முன்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றுவோம் என்று அடம்பிடிக்கும்போது, நீங்கள் எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரே போகும். அதனால் அது மூன்றாவது; அதனால் எடுக்கும்போது அதுதான் முதலாவது. முதலில் ஸ்டியரிங்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்ற யோசனை 3, 2, 1-இல் இருக்கிறது.

இதையெல்லாம் கண்ணெதிரே காண ஆல்ப்ஸ் மலைக்குப் போக வேண்டியதில்லை. இமாசலப் பிரதேசத்தில் ரெக்காங் பியோ தாண்டி, நாகோ வழியாக, 3,600 மீட்டருக்குமேல் இருக்கும் காசாவுக்குப் போகும் சாலை இருக்கிறது. குன்சும் கணவாய் பனியில் மூடியபின் ஸ்பிதிக்கு வண்டி போக அந்தச் சாலைதான் வழி. அங்கே பயமுறுத்துவது புதுப்பனி அல்ல. மலைப்பக்கம் கசியும் ஊற்றும் ஓடையும் பகலில் சாலைமேல் பரவி இரவில் உறைந்துபோகும். தாரின் கறுப்பே தெரியும் அளவுக்குத் தெளிவான கட்டி. பிளாக் ஐஸ் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வெயில் படும் வளைவில் சாலை காய்ந்திருக்கும். அடுத்த வளைவு நிழலில் இருக்கும், அங்கே உறைந்திருக்கும். சில இடங்களில் ஒரே சாலையில் மலையோரப் பாதி கட்டியும் பள்ளத்தாக்குப் பக்கப் பாதி காய்ந்த தாருமாக இருக்கும். நாம் போட்ட கணக்கு தரையில் கிடக்கிறது.

அந்தச் சாலையில் ஃபோர்ஸ் கூர்க்காவைப் பார்க்கலாம். நம் நாட்டில் தயாராகும் வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி லாக்கோடு தொழிற்சாலையிலிருந்தே வருபவற்றில் அதுவும் ஒன்று. இருக்கைகளுக்கு நடுவே அதற்கென்று கையால் இழுக்கும் லீவர்கள். அதில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் டிரைவ் போட்டாலே முன்னும் பின்னும் இறுகிவிடும். அதாவது முதல் பொத்தானின் வேலையை அந்த மாற்றமே செய்துவிடுகிறது. லீவரில் ஒரு சுகம் உண்டு: பல் இறங்குவது உள்ளங்கைக்குத் தெரியும். இறங்காவிட்டால் அதுவும் தெரியும். விளக்கைப் பார்க்கக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

நிழல் வளைவுக்கு முன்பே, காய்ந்த தரையில், வண்டி நேராக இருக்கும்போது பின் லாக்கைப் போட்டுவிட்டு, லோ கியரில், ஒரே சீரான மிதியில் கட்டியைத் தாண்டுவதுதான் முறை. தாண்டும்போது ஸ்டியரிங்கில் ஓர் இழுப்பு வரும். வலது சக்கரம் 350 தள்ளுகிறது, இடது 50 தள்ளுகிறது என்றால் வண்டி இடது பக்கம், அதாவது கட்டி இருக்கும் பக்கம், திரும்பப் பார்க்கும். கட்டி மலையோரமாக இருந்தால் மலையை நோக்கி இழுக்கும், பரவாயில்லை. கட்டி பள்ளத்தாக்குப் பக்கம் இருந்தால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அங்கே தெரிந்த ஓட்டுநர்கள் லாக்கைத் தொடும் முன் இறங்கி நடந்து பார்ப்பார்கள். அந்த நடைக்கு எந்த சென்சாரும் ஈடில்லை.

இனி, பூட்டை எடுக்க வேண்டிய இடம். வீணாகச் சுழலும் டயருக்கு முன்னோக்கிய பிடி மட்டும் போவதில்லை, பக்கவாட்டுப் பிடியும் சேர்ந்து போய்விடும். பூட்டாத அச்சில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழலும்போது, தள்ளாமல் நிற்கும் மறு சக்கரம் பக்கவாட்டில் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். நம்மை நகரவிடாமல் எரிச்சலூட்டிய அதே சக்கரம்தான் வண்டியின் பின்பகுதி ஒதுங்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. அச்சைப் பூட்டிவிட்டு, முழுக்கக் கட்டி படர்ந்த சாலையில், மிதியைக் கொஞ்சம் கூட்டினால் இரண்டு சக்கரமும் ஒரே கணத்தில் பிடியை விடும். சாலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வால் இறங்கும். பூட்டில்லாத வண்டி வெறுமனே நின்றிருக்கும் இடத்தில், பூட்டிய வண்டி ஓடையில் கிடக்கும். ஆகவே இருபக்கமும் ஒரே கட்டியாக இருக்கும் சாய்வான சாலையில் நான் பூட்டைவிட டயரில் மாட்டும் பனிச் சங்கிலியை நம்புவேன். பாதி கட்டி, பாதி தார் என்றால் பூட்டை.

தானே பூட்டிக்கொள்ளும் வகைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மஹிந்திரா தார் வண்டியின் சில மாடல்களில் பின் அச்சில் மெக்கானிக்கல் லாக் வருகிறது. இரு சக்கரங்களுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் அது தானே பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவர் ஒன்றும் செய்ய வேண்டாம், சேற்றிலும் பாறையிலும் மிக நல்ல துணை. ஆனால் 100 சுற்று என்றால் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு டயர் ஓரிடத்தில் சுழல்வதற்குச் சமம். கட்டியில் அந்தச் சில நொடிகள் இடத்தைக் கெடுத்துவிடும். வெர்னன் கிளீஸ்மேன் 1958-இல் காப்புரிமை பெற்ற டோர்சன் வேறு ஜாதி. அது வழுக்கலுக்குக் காத்திராமல், பிடி உள்ள பக்கத்துக்கு அதிக விசையைத் தள்ளிவிடும். நெடுஞ்சாலைப் பனியில் அதன் மென்மைக்கு இணை சொல்வது கடினம். ஆயினும் பிடியில்லாத பக்கத்தில் கிடைப்பதை அது பெருக்கித்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால் பூஜ்யத்தைப் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அப்போது பிரேக்கை லேசாக மிதித்து அந்தச் சக்கரத்துக்கு ஒரு பொய்ப் பிடியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

குளிரே பூட்டின் நடத்தையை மாற்றிவிடும். அச்சுக்குள் இருக்கும் கியர் ஆயிலில் 80டபிள்யூ என்ற ரகம் மைனஸ் 26 டிகிரி வரையிலும், 75டபிள்யூ ரகம் மைனஸ் 40 டிகிரி வரையிலும் ஓடும் தன்மை உள்ளதாக வரையறுக்கப்பட்டவை. தவறான எண்ணெயோடு மலைக்குப் போனால் காலையில் வளையம் தேன்போலக் கெட்டிப்பட்ட எண்ணெய்க்குள் நீந்தித்தான் பல்லைத் தேட வேண்டும். மஞ்சள் விளக்கு நெடுநேரம் மஞ்சளாகவே நிற்கும். காற்றழுத்தத்தால் இயங்கும் லாக் என்றால் குழாய்க்குள் தங்கிய ஈரம் உறைந்து காற்றை மறிக்கும். பூட்டு போட மறுப்பதைப் போல எடுக்க மறுப்பதும் உண்டு. பனியிலிருந்து காய்ந்த சாலைக்கு வந்து, நடுப்பூட்டோடேயே ஒரு வளைவு திரும்பிவிட்டால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூர வித்தியாசம் தண்டுகளில் முறுக்காக ஏறிப் பற்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பொத்தானை அணைத்தாலும் விளக்கு சிவப்பாகவே நிற்கும். கொஞ்சம் ரிவர்ஸில் போனால் முறுக்கு அவிழ்ந்து, பல் தானாக வெளியே வரும். பலவந்தம் தேவையே இல்லை.

இந்த யோசனை ஜி-கிளாஸோடு பிறந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அதே கிராட்ஸ் நகரின் ஸ்டயர் நிறுவனம் 1959-இல் ஹாஃப்லிங்கர் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் எரிச் லெட்விங்கா. வண்டியின் எடை 600 கிலோவை ஒட்டி. பின்னால் காற்றுக்குளிர்ப்பு எஞ்சின், அதுவும் 643 சிசிதான். அந்தச் சின்ன உடம்பில் இரண்டு அச்சுக்கும் லாக் வைத்திருந்தார்கள். ஆல்ப்ஸ் மலைப் பண்ணைகளிலும் ராணுவத்திலும் அது போன இடங்களுக்குச் சக்தி வாய்ந்த பெரிய வண்டிகள் போக முடியவில்லை. எஞ்சின் பலம் பனியில் எவ்வளவு சின்ன விஷயம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 1977-இல் வந்த ரஷ்யாவின் லாடா நீவாவில் நடுப்பூட்டு மட்டும்தான், அதுவும் ஒரு லீவர். குறைந்த விலையில் ஒரே ஒரு பூட்டுதான் கொடுக்க முடியும் என்ற நிலையில் அவர்கள் தேர்ந்தெடுத்தது நடுவை. அந்தத் தேர்வு சரியானது.

2024-இல் வந்த மின்சார ஜி-கிளாஸில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார்கள். பிரிக்க வேண்டியது இல்லாததால் டிஃபரன்ஷியலே இல்லை. பூட்டின் வேலையைப் புரோகிராம் நடித்துக் காட்டுகிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே விசையை அளந்து கொடுக்கும் அந்த நுணுக்கம் பெரிய சாதனை, சந்தேகமில்லை. இருந்தாலும் அடுத்த வளைவு நிழலில் இருக்கிறது என்பதை அது இன்னும் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது ஓட்டுகிறவரின் கண்.

லாக் உள்ள வண்டியோடு இந்தக் குளிர்காலத்தில் மலை ஏறப்போகிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அதை முதல்முதலாகச் சரிவில் போட்டுப் பார்க்காதீர்கள். கீழே, ஆளில்லாத சமமான மண்தரையிலோ பனித்தரையிலோ ஒவ்வொரு பூட்டாகப் போட்டு, நேரே போய், ஸ்டியரிங்கை ஒடித்து, எடுத்துப் பாருங்கள். மஞ்சள் எப்போது சிவப்பாகிறது, எடுக்கும்போது எத்தனை அடி நகர வேண்டியிருக்கிறது என்று உங்கள் வண்டியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லாக் போட்டதும் ஜி-கிளாஸ் போன்ற வண்டிகளில் ஏபிஎஸ் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே ஏற்றிவிட மூன்று பூட்டு இருக்கிறது. கீழே இறங்கும்போது நிறுத்த, மற்ற எந்தக் காருக்கும் இருப்பதுபோல நான்கு டயர்தான் இருக்கிறது. நல்ல பனி டயர் போடாமல் கிளம்பாதீர்கள்.